சென்னையில் நாயை அவிழ்த்துவிட எங்கே போவது: வேலி போட்ட மைதானங்களும் கடற்கரைகளும்

சென்னையில் நாயைக் கயிறில்லாமல் ஓடவிடப் பொது இடம் எது என்று கேட்டால் சட்டப்படி கையை விரிக்கத்தான் வேண்டும். மாநகராட்சி எல்லைக்குள் வீட்டு வாசலைத் தாண்டினால் நாய் கயிற்றில் இருக்க வேண்டும், வாய்ப்பூட்டும் போட்டிருக்க வேண்டும். 2025 கடைசியில் அபராதத்தையும் இறுக்கிவிட்டார்கள்: கயிறில்லாமல் கூட்டிப்போனால் 500 ரூபாய், உரிமமே எடுக்காமல் வளர்த்தால் 5,000 ரூபாய். பிட்புல், ராட்வைலர் இரண்டையும் புதிதாக வளர்க்க அதே ஆண்டு டிசம்பரில் தடை வந்துவிட்டது. ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வேலை கம்மி.

ஆக மிச்சம் இருப்பவை இரண்டு. ஒன்று, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் வேலி போட்ட தனியார் மைதானங்கள். நாயை நிஜமாகவே அவிழ்த்துவிடலாம். இன்னொன்று, நீளக் கயிறு கட்டிக் கடற்கரை. இரண்டையும் நாயின் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியது இது. நீச்சல் குளம், காபி கடை, போட்டோ எடுக்க இறக்கை வரைந்த சுவர் எல்லாம் வளர்ப்பவருக்கு. நாய்க்கு வேண்டியது வேலி, கேட், தரை, நிழல், தண்ணீர். அந்த ஐந்தும் சரியாக இருந்தால் மட்டும் காசு கொடுங்கள்.

முதலில் கழித்துவிட வேண்டிய இடங்களைச் சொல்லிவிடலாம். மாநகராட்சிப் பூங்காக்களைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின. அதற்குப் பிறகு பூங்காக் காவலாளிகள் கயிற்றோடு வரும் பொமரேனியனைக்கூட முறைக்கிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கிண்டி தேசியப் பூங்காவையும் ஐஐடி வளாகத்தையும் மரத்துக்காக நினைக்கவே கூடாது. இரண்டிலும் புள்ளிமானும் வெளிமானும் திரிகின்றன. நாய் கடிக்க வேண்டியதே இல்லை, துரத்தினாலே போதும். ஓடி அலுத்த மான் அதிர்ச்சியிலேயே சாகும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், நன்மங்கலம் காப்புக்காடு, வண்டலூர்க் காடு எல்லாம் வனத்துறை இடம். பேச்சே இல்லை.

வேலி போட்ட மைதானங்கள்

இவை பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்) ஈஞ்சம்பாக்கம் தொடங்கிக் கானாத்தூர் வரையிலும், பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரில் நாவலூர், தாழம்பூர் பக்கமும் இருக்கின்றன. நாய் விடுதி நடத்துபவர்கள் பின்பக்க மனையை ஓடுகளமாக்கி வெளி நாய்களுக்கும் விடுகிறார்கள். நடத்துபவர் மாறுவார், வேலையாள் மாறுவார், போன வருஷம் நன்றாக இருந்த இடம் இந்த வருஷம் உண்ணிக் கிடங்காகியிருக்கும். அதனால் இன்ன கடைக்குப் போங்கள் என்பதைவிட, போய் நின்றதும் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் உதவும்.

வேலியிலிருந்து ஆரம்பியுங்கள். லேப்ரடார், பீகிள், பக் போன்றவற்றுக்கு ஐந்தடி போதும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால் ஆறடிக்குக் குறைந்து உள்ளே விடாதீர்கள். வேட்டைக்கென்றே வளர்ந்த நம் ஊர் நாய்கள் அந்தப் பக்கம் ஒரு பூனை ஓடினால் ஐந்தடியை நின்ற இடத்திலிருந்தே தாண்டும். உயரத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். வேலியை ஒட்டி சிமெண்ட் பெஞ்ச், தண்ணீர்த் தொட்டி, கல் குவியல் ஏதாவது இருந்தால் அது ஏணி. ஆறடி வேலியின் காலடியில் ஒன்றரை அடி பெஞ்ச் போட்டால் அது நாலரை அடி வேலிதான்.

அடுத்து அடிப்பக்கம். பீகிளும் டேஷ்ஹண்டும் நாட்டு நாயும் தோண்டும். கம்பிவலை ஓரடியாவது மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும், அல்லது சுற்றிலும் கான்கிரீட் கட்டை ஓட வேண்டும். மணற்பாங்கான ஈ.சி.ஆர் மண்ணில் வெறும் கம்பம் நட்டு வலை கட்டியிருந்தால் ஒரு மழைக்கே அடியில் கையளவு இடைவெளி விழும். வலைக்கண் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஷிட்சூ குட்டியின் தலை மூன்று அங்குலக் கண்ணுக்குள் நுழையும், திரும்பி வராது. வெளியே தெருநாய் நடமாட்டம் இருக்கும் இடத்தில் நாலடி உயரத்துக்குப் பச்சை வலைத்துணி கட்டியிருப்பது நல்லது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலியோரம் ஓடி ஓடிக் குரைத்தே பாதி நேரம் போய்விடும். அந்த வெறியில் பக்கத்தில் நிற்கும் சொந்த ஜோடியையே சில நாய்கள் கடித்துவிடும்.

கேட் ஒன்றா இரண்டா என்பதை வைத்தே ஓர் இடத்தைத் தள்ளிவிடலாம். வெளிக் கேட்டுக்கும் உள் கேட்டுக்கும் நடுவே ஆறடிக்கு ஆறடி கூண்டு போல ஓர் இடம் வேண்டும். அங்கே நின்று வெளிக் கேட்டைப் பூட்டி, கயிற்றைக் கழற்றி, பிறகு உள் கேட்டைத் திறக்க வேண்டும். தப்பி ஓடும் நாய்களில் பெரும்பாலானவை வேலியைத் தாண்டுவதில்லை. அடுத்த வண்டி வந்து ஒற்றைக் கேட்டைத் திறக்கும்போது காலிடுக்கில் நழுவுகின்றன. கேட்டுக்கு வெளியே நேராக ஈ.சி.ஆர் என்றால் அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. கூண்டுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டு நாய்களை நெருக்கவும் கூடாது. இடமில்லாமல் முகத்துக்கு முகம் நிற்கும்போதுதான் முதல் சண்டை வரும்.

தரை. அருகம்புல்லோ கொரியன் புல்லோ வளர்ந்த மண் தரைதான் முதல் தரம். கடல் மணல் பரப்பியதும் பரவாயில்லை. செம்மண் வெயிலில் நன்றாக இருக்கும், ஒரு மழை பெய்தால் சேறு. எம்-சாண்ட் கொட்டியிருந்தால் கையில் அள்ளித் தேய்த்துப் பாருங்கள். அது உடைத்த கல், முனை மழுங்காதது. பந்துக்காகத் திரும்பித் திரும்பிப் பிரேக் போடும் நாய்க்கு அரை மணி நேரத்தில் பாதத் தோல் உரிந்துவிடும். செயற்கைப் புல் போட்ட இடம் படத்தில் பச்சையாக இருக்கும். சென்னையில் காலை ஒன்பது மணிக்கு மேல் அதில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், நாய்க்கு என்ன ஆகும் என்று தெரிந்துவிடும். மூத்திரம் மண்ணில் இறங்காமல் அடியிலேயே தேங்கி நாறும். கிரிக்கெட், கால்பந்து டர்ஃப்களில் புல்லுக்கு இடையே தூவியிருக்கும் கறுப்பு ரப்பர் துணுக்குகளைக் குட்டிகள் தின்னும். வலை உயரமாகக் கட்டியிருக்கிறது, ராத்திரி காலியாகக் கிடக்கிறது என்று டர்ஃப்காரரிடம் பேசி நாயை விடுபவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

நிழலுக்குத் தகரக் கூரை போட்டிருந்தால் அது நிழல் தரும், கூடவே அனலையும் இறக்கும். வேம்பு, புங்கை, பூவரசு நிற்கும் இடம் எவ்வளவோ மேல். மரம் செடி என்றதும் இன்னொன்று: ஓரத்தில் அழகுக்கு என்ன வளர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அரளி வேலி இருந்தால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைப் பிடிக்கும் விஷம். ரிசார்ட் பாணித் தோட்டங்களில் குட்டை ஈச்சமரம் போல நிற்கும் சைகஸ் செடியும் அப்படித்தான். அதன் கொட்டை ஒன்றிரண்டைக் கடித்த நாய்க்குக் கல்லீரல் போய்விடும். இதை நடத்துபவரிடம் சொன்னால் பலர் நம்புவதே இல்லை.

தடுப்பூசி அட்டையைக் கேட் அருகே கேட்கிறார்களா? கேட்காவிட்டால் திரும்பிவிடுங்கள், கொடுத்த முன்பணம் போனாலும் சரி. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 16 வாரம் முடிந்து கடைசித் தவணை ஊசி போட்டு இரண்டு வாரமாவது ஆகாத குட்டியைப் பொது ஓடுகளத்தில் இறக்கக் கூடாது. பெரிய நாய்க்கு வெறிநாய்க்கடி ஊசியும், எலி மூத்திரத்தால் வரும் லெப்டோ காய்ச்சலுக்கும் சேர்ந்த கூட்டு ஊசியும் வருஷத்துக்கு ஒரு முறை. இனச்சேர்க்கைக்கு வந்திருக்கும் பெண் நாயை மூன்று வாரம் வீட்டிலேயே வையுங்கள். உள்ளே ஓர் ஆண் நாய்க் கூட்டம் அமைதியாக விளையாடிக்கொண்டிருக்கும். அது நுழைந்த நிமிஷமே போர்க்களம்.

உண்ணிதான் சென்னையின் உண்மையான பிரச்சினை. நம் ஊரில் நாயைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி புல்லைவிடச் சுவரையே விரும்பும். முட்டை இடுவதற்கு முன் சுவர் ஏறி விரிசல், கூரை இடுக்கு, கதவுச் சட்டம் என்று ஒளிந்துகொள்ளும். ஒன்று சில ஆயிரம் முட்டை இடும். ஆகவே புல்வெளியைப் பார்த்துத் திருப்தி அடையாமல் கூண்டுகளின் பின்சுவரையும் உட்காரும் திண்ணையின் அடியையும் போன் விளக்கைப் போட்டுப் பாருங்கள். மிளகு போல ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே மருந்தடித்து நாளாகிவிட்டது. ரத்தத்தைத் தாக்கும் எர்லிக்கியா, பேபீசியா நோய்கள் இரண்டும் இந்த உண்ணி வழியாக வருகின்றன. உடனே தெரியாது; இரண்டு மூன்று வாரம் கழித்துச் சாப்பாட்டைத் தள்ளும், காய்ச்சல் அடிக்கும், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வந்தால் ரொம்பத் தாமதம். மாதம் ஒரு முறை கொடுக்கும் நெக்ஸ்கார்டு, ஏறக்குறைய மூன்று மாதம் தாங்கும் பிராவெக்டோ போன்ற மாத்திரையை நாயின் எடைக்கு ஏற்ப மருத்துவரிடம் கேட்டுக் கொடுத்த பிறகே இப்படிப்பட்ட இடங்களுக்குப் பழக்குங்கள்.

கட்டணம் இரண்டு விதமாக இருக்கும். பொது நேரம் என்றால் நாய்க்கு இவ்வளவு. தனி நேரம் என்றால் மைதானம் முழுவதும் உங்கள் வீட்டுக்கு. முதல் தடவை தனி நேரம் எடுங்கள். நாய் இடத்தை மோந்து பழகட்டும், வேலியின் ஓட்டை எங்கே என்று அது முதலில் கண்டுபிடிக்கும், நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் என்று சொல்லி விற்கிறார்கள். சென்னைப் புழுக்கத்தில் ஓடும் நாய் 20 நிமிஷத்தில் தளர்ந்துவிடும், மிச்சம் நேரம் நிழலில் நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடக்கும். முக்கால் மணி நேரம் தாராளம்.

பொது நேரத்தில் 10 கிலோவுக்குக் கீழுள்ளவற்றைத் தனியாகப் பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஓடும் சின்ன நாயைப் பெரிய நாய் இரை என்று நினைத்துவிடும். கெட்ட நாய் என்பதால் இல்லை, கண் பார்த்த வேகத்தில் கால் ஓடிவிடும். ஒரு கிரவுண்டு இடம், அதாவது 2,400 சதுர அடியில் ஆறு நாய்க்கு மேல் இருந்தால் நாங்கள் உள்ளே போகச் சொல்ல மாட்டோம். பந்து, எலும்பு, பிஸ்கட் எதுவும் உள்ளே வேண்டாம். முன்கால் மடக்கி, பின்பக்கம் தூக்கிக் குனிவது விளையாட்டு. உடம்பு விறைத்து, வால் நிமிர்ந்து அசையாமல் நின்று, ஒரு நாய் இன்னொன்றின் கழுத்துக்கு மேல் தாடையை வைத்தால் அடுத்த நொடியே கூப்பிட்டுப் பிரித்துவிடுங்கள். சண்டை மூண்டுவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள். ஆளுக்கொரு நாயின் பின்னங்கால் இரண்டையும் தொடையோடு பிடித்துத் தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். தனியாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள். அதற்காகவே கேட் ஓரத்தில் வாளி நிறைத்து வைக்கும் இடங்கள் உண்டு, அவர்கள் தொழில் தெரிந்தவர்கள். மனிதர் மேல் பல் பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது.

குளத்தைப் பற்றிச் சுருக்கமாக: சரிவாக இறங்கும் படி இருக்க வேண்டும், வடிகட்டி ஓட வேண்டும், தண்ணீருக்கு அடியில் தரை தெரிய வேண்டும். பத்துப் பத்து நிமிஷமாக விடுங்கள். பந்தை வாயில் கவ்விக்கொண்டே நீந்தும் நாய் தண்ணீரை அளவில்லாமல் விழுங்கும். தள்ளாடினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவரிடம். கோல்டன், லேப்ரடார் இரண்டுக்கும் மேல்முடி காய்ந்தாலும் அடிமுடி காயாது. ஈரத்தோடு காரில் ஏற்றி, வீட்டில் அப்படியே படுக்கவிட்டால் மறுநாள் கன்னத்திலோ தொடையிலோ உள்ளங்கை அளவு புண். காது மடலை மடக்கிப் பஞ்சால் துடைக்காமல் விட்டால் ஒரே வாரத்தில் நாற்றமும் தலை ஆட்டலும் ஆரம்பித்துவிடும்.

கடற்கரைகள், நீளக் கயிற்றோடு

கடற்கரையில் சட்டத்துக்கும் நாய்க்கும் நடுவே சமரசம் பத்து மீட்டர் கயிறு. பாரிமுனைப் பக்கக் கயிற்றுக் கடைகளில் 8 மில்லிமீட்டர் பின்னல் நைலான் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஒரு முனையில் பித்தளைக் கொக்கி போடுங்கள். இரும்புக் கொக்கி உப்புக்காற்றில் இரண்டே மாதத்தில் இறுகிவிடும். மறு முனையில் கைப்பிடி வளையம் வேண்டாம், கட்டை, வலை, கால் எதிலாவது மாட்டிக்கொள்ளும். ஒரு மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டால் பிடி வழுக்காது. கொக்கியைக் கழுத்துப் பட்டையில் மாட்டவே கூடாது. முழு வேகத்தில் ஓடிப் பத்தாவது மீட்டரில் சுண்டினால் கழுத்தெலும்பு வாங்கும். மார்போடு சேர்ந்த ஹார்னஸின் முதுகு வளையத்தில்தான் மாட்ட வேண்டும். கைக்குத் துணி கையுறை. பொத்தானை அழுத்தினால் சுருங்கும் நாடாக் கயிறு இங்கே உதவாது: மணல் உள்ளே போனால் சிக்கும், நாடா காலில் சுற்றினால் அறுக்கும்.

திருவான்மியூர் கடற்கரைதான் எங்கள் முதல் தேர்வு. வால்மீகி நகர்த் தெருக்கள் வழியாக நேராக மணலுக்கு இறங்கலாம், கடைகள் குறைவு, காலை ஆறு மணிக்கு முன்னால் நடைக்காரர்கள் மட்டும். அவர்களில் நாய் பிடிக்காதவர்களும் உண்டு என்பதால் கயிற்றைப் பாதியாகச் சுருட்டி ஓரமாக விடுவது நாகரிகம். வார இறுதி இரவுக்கு மறுநாள் காலை பாட்டில் கண்ணாடி கிடக்கும், ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள்.

பெசன்ட் நகர் பெயருக்குத்தான் நாய்க் கடற்கரை. நடைபாதை முழுக்கக் கூட்டம், சோளக்கதிர்க் கட்டை, மீன் வறுவல் முள், அதற்காகவே சுற்றும் தெருநாய்க் கூட்டம். சவாரிக் குதிரைகளும் உண்டு. குதிரையின் பின்னங்காலுக்குள் ஓடிய நாய்க்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. வடக்கே உடைந்த பாலம் வரை நடந்தால் மணல் அகலமாக விரியும், ஆளும் குறைவு. ஆனால் அங்கே அடையாறு கடலில் சேர்கிறது, ஊர்ச் சாக்கடையோடு. நாய் அந்தத் தண்ணீரில் இறங்கவும் கூடாது, நக்கவும் கூடாது. மெரினாவுக்கும் இதே குதிரைக் கதை, பத்து மடங்கு கூட்டத்தோடு. வேண்டாம்.

கொட்டிவாக்கம், பாலவாக்கம் இரண்டும் மீனவர் குப்பங்கள். படகும் வலையும் அவர்கள் பிழைப்பு. நாய் காலைத் தூக்கி வலையில் மூத்திரம் விட்டால் கோபப்பட அவர்களுக்கு உரிமை இருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது மணலில் வீசி எறிந்த மீன். கெளுத்தியின் முதுகு முள் வெயிலில் காய்ந்து ஆணி போல நிற்கும், பாதத்தில் ஏறினால் உள்ளேயே முறியும். உப்பிய வயிறோடு கிடக்கும் பேத்தை மீன் அதைவிட மோசம். அதைத் தின்ற நாய்க்குக் கால்கள் செயலிழந்து மூச்சு நிற்கும். மாற்று மருந்து கிடையாது. மோப்பத்துக்கு அடிமையான லேப்ரடார், பீகிள் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியில் கூடை வாய்ப்பூட்டு போட்டு நடத்துவது சட்டத்துக்காக மட்டும் இல்லை. மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூடை வகையைப் போடுங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை போட்ட நாய் நாக்கை நீட்டிச் சூட்டைத் தணிக்க முடியாமல் போகும்.

நீலாங்கரையிலிருந்து அக்கரை, உத்தண்டி வரை வார நாள் காலையில் ஆளரவம் இருக்காது. வேகமாக ஓடும் நாய்க்கு நீளமான மணல் இதுதான். பங்களாக்களின் பின்வாசலிலிருந்து காவல் நாய் பாய்ந்து வருவது ஒரு தொல்லை. இன்னொன்று இராவணன் மீசை. மணல்மேட்டில் ஊசி ஊசியாகக் கொத்தாக நிற்கும் அந்தப் புல்லுக்குள் நண்டைத் துரத்தி முகத்தை நுழைத்தால் கண்ணில் குத்தும். அடும்புக் கொடி படர்ந்த இடத்தில் பயமில்லை, மேட்டுக்கு இந்தப் பக்கமே நடத்துங்கள். உத்தண்டியைத் தாண்டினால் மாநகராட்சி எல்லை முடிகிறது. அதனால் அவிழ்த்துவிடலாம் என்று பொருளில்லை. முட்டுக்காடு முகத்துவாரத்தில் உப்பங்கழித் தண்ணீர் கடலுக்குப் பாயும் இழுப்பு நீந்தத் தெரிந்த நாயையும் கொண்டுபோகும். கோவளம் 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை. அந்தச் சான்றின் விதிகளில் நாய்க் கட்டுப்பாடும் ஒன்று, வேலி போட்ட பகுதிக்குள் முயலாதீர்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரை முழுவதும் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். பெசன்ட் நகர், நீலாங்கரை வரிசையில் இரவில் தன்னார்வலர்கள் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாத கூட்டை நாய் ஒரே நிமிஷத்தில் தோண்டிவிடும். வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. அந்த நான்கு மாதமும், குஞ்சு இறங்கும் மே வரையும் விடிந்த பிறகு மட்டும் போங்கள், கயிற்றை இரண்டு மீட்டராகச் சுருக்குங்கள், உலர்மணலில் தோண்டவே விடாதீர்கள். செத்து ஒதுங்கிய ஆமையைக் கண்டால் நாயைத் தள்ளி நிறுத்துங்கள். அழுகியதைத் தின்றால் வயிறு கெடும், அதில் உருண்டு எழுந்தால் மூன்று குளியலுக்கும் நாற்றம் போகாது.

நேரம் எல்லா இடத்துக்கும் ஒன்றுதான், ஆமைக் காலத்துக் கடற்கரைக்கு மட்டும் விடிந்த பிறகு. மார்ச் முதல் ஜூன் வரை காலை 5.15-க்கு இறங்கி 6.45-க்கு ஏறிவிட வேண்டும். மாலை என்றால் கடற்காற்று நன்றாக நுழைந்து உலர்மணல் ஆறிய பிறகு, ஆறு மணிக்கு மேல். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் பாதமும் தாங்காது. காலையில் வெயில் இல்லையே என்று ஏமாற வேண்டாம். நாய்க்குப் பாதத்தில் தவிர வியர்வை கிடையாது, நாக்கில் ஈரம் ஆவியாகித்தான் சூடு இறங்கும். விடிகாலைக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது அது சரியாக நடக்காது. நாக்கு நுனி கரண்டி போல அகன்று, எச்சில் நூலாக ஒழுகி, ஈறு செங்கல் நிறமானால் ஓட்டத்தை நிறுத்துங்கள். ஆசனவாயில் வைக்கும் வெப்பமானி 104 பாரன்ஹீட்டைத் தாண்டினால் சாதாரணத் தண்ணீரை வயிறு, தொடை, பாதம், முதுகு என்று ஊற்றிக்கொண்டே விசிறுங்கள், 103-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்தி மருத்துவரிடம் ஓடுங்கள். ஈரத் துண்டால் போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே அடைபடும். பக், ஷிட்சூ, பாக்ஸர் போன்ற தட்டை முகத்து நாய்களுக்கு ஏப்ரல், மே கடற்கரையே வேண்டாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எந்த வழியாகப் போவது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள்.

தண்ணீர் 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டர். கடல் நீரைக் குடிக்கத் தொடங்கினால் வயிற்றுப்போக்கில் முடியும், அதிகமானால் வலிப்பு வரும். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீர் காட்டினால் அந்தப் பக்கம் போகாது. அலை முழங்காலுக்கு மேல் வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரில் நீலநிறச் சொறி மீன்கள் கரை ஒதுங்கும் நாட்களில் ஈரமணலிலும் நடத்தாதீர்கள், காய்ந்தவையும் கொட்டும்.

தெருநாய்க் கூட்டம் வந்தால் ஓடக் கூடாது, நாயைத் தூக்கவும் கூடாது. தூக்கினால் மேலே பாயும். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பக்கவாட்டில் விலகி அவற்றின் எல்லையை விட்டு வெளியே நடங்கள். ஐம்பது அறுபது மீட்டரில் பெரும்பாலும் நின்றுவிடும். கல்லெடுப்பது போலக் குனிவது தெருநாய்க்குப் புரியும். அதோடு உங்கள் நாயும் மிரளும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

காலி மனைப்பிரிவுகளில் அவிழ்த்துவிடும் வழக்கம் வண்டலூர், கேளம்பாக்கம் சாலைப் பக்கம் நிறைய உண்டு. எங்கள் மதிப்பெண் பூஜ்யம். மூடாத கிணறு, அறுந்து கிடக்கும் முள்கம்பி, நெருஞ்சி, புதரில் கண்ணாடி விரியன். வேலி மட்டும் கிடையாது.

நாய் எங்கே ஓடினாலும் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். வீட்டுக்குள் வருவது கணக்கில்லை. நீளக் கயிற்றில், வேறொரு நாய் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பத்து முறை கூப்பிட்டு ஒன்பது முறை வந்தால் பொது நேரத்துக்கு அழைத்துப் போகலாம். வந்த நாயை ஒவ்வொரு தடவையும் கட்டிவிடாதீர்கள். நாலு தடவை தின்பண்டம் கொடுத்துத் திரும்ப ஓடவிட்டு ஐந்தாவது தடவை கட்டுங்கள். கூப்பிட்டால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று தெரிந்துகொண்ட நாய் கேட்டுக்கு எதிர்மூலையில் போய் நிற்கும். சிப்பிப்பாறை, கன்னி, கேரவன் வகைகளுக்கு இந்தத் தேர்வே பொருந்தாது. ஓடும் பொருளைக் கண்டபின் அவற்றுக்குக் காது இல்லை. அவற்றுக்கு ஆறடி வேலிதான்.

திரும்பியதும் பாதத்தை நல்ல தண்ணீரில் கழுவி விரலிடுக்கைத் துடையுங்கள், உப்பு காய்ந்தால் நக்கியே புண்ணாக்கிக்கொள்ளும். உண்ணியைக் காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டைக்குக் கீழே, தொடை இடுக்கில் தேடுங்கள். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியமெல்லாம் அது வயிற்றில் இருப்பதை நாய்க்குள்ளேயே கக்க வைக்கும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பட்டியல் பாதியாகும். கடல் சீறும், மைதானங்களில் தண்ணீர் நிற்கும். தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருந்தால் லெப்டோ வரும். நாயிடமிருந்து வீட்டு மனிதருக்கும் தொற்றும். நேரம் பதிவு செய்யும் முன் மைதானக்காரரைக் கூப்பிட்டுத் தண்ணீர் வடிந்து எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். மூன்று நாள் வெயில் காயாத தரை என்றால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். நாளைக்கே வரலாம் என்று அவர் சொன்னால், மைதானத்தை இப்போது ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.